படத்துக்கு அடியில் ஒரு பெயர்

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கி எழுதித் தந்தது.)



செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "தாவரவியல் துறை சார்பா நீங்க பேசணும்ங்க. ஆனா வகுப்பு எடுத்துடாதீங்க, நம்ம கோயமுத்தூரோட சம்பந்தப்பட்டதாப் பேசுங்க" என்றார். முப்பது வருஷம் வகுப்பு எடுத்தவனிடம் வகுப்பு எடுக்காதே என்று சொன்னால் எப்படிங்க? முடிந்தவரை பார்க்கிறேன். மதியச் சாப்பாடு தயாராகிற வாசனை எனக்கும் வருகிறது. நீட்ட மாட்டேன்.

தாவரவியல் படித்தவர்கள் இந்த மண்டபத்தில் நூறு பேராவது இருப்பீர்கள். நம் எல்லோருக்கும் பொதுவான ஒரு புத்தகம் உண்டு. கேம்பிள் எழுதிய மதராஸ் மாகாணத் தாவரங்கள் பற்றிய நூல். 1915இல் வெளிவரத் தொடங்கியது. 1925இல் கேம்பிள் காலமான பிறகு ஃபிஷர் தொடர்ந்து எழுதி 1936இல் முடித்தார். வெளியே போய் ஒரு செடியைப் பறித்து வந்து, கேம்பிளைப் புரட்டி, 'கீ' போட்டுப் பெயர் கண்டுபிடிப்பதற்குள் பூ வாடிவிடும், நாமும் வாடிவிடுவோம். அந்தப் புத்தகத்தில் படமே கிடையாது. ஆனால் பல செடிகளின் பெயருக்குப் பக்கத்தில் சுருக்கமாக ஒன்று இருக்கும்: வைட் ஐக்கோன்ஸ், தாள் இன்ன எண் என்று. அதைத் தினமும் பார்த்தோம். அது என்ன என்று எத்தனை பேர் தேடிப் போனோம்? பரீட்சையில் கேட்க மாட்டார்கள் என்றால் யார் தேடுவார்கள், இல்லீங்களா?

கேம்பிள் அங்கே சொல்வது இதுதான்: 'இந்தச் செடி எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால், வைட்டின் நூலில் இந்த எண்ணுள்ள படத்தைப் பார்.' அந்தப் படங்களை வரைந்த இரண்டு பேரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். ஒருவர் ரங்கையா. இன்னொருவர் கோவிந்து.

முதலில் வைட் யார் என்று சொல்லிவிடுகிறேன். ராபர்ட் வைட் ஸ்காட்லாந்துக்காரர். 1796இல் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் படித்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் சர்ஜனாக 1819இல் மதராசுக்கு வந்தார். அந்தக் காலத்தில் மருத்துவம் படித்தவன் செடிகொடி படிக்காமல் இருக்க முடியாது. மருந்தெல்லாம் செடியிலிருந்துதானே வந்தது? 1826இல் கம்பெனி அவரை மதராசில் இயற்கையியல் அறிஞர் என்ற பதவியில் வைத்தது. இரண்டே வருஷத்தில் செலவு அதிகம் என்று பதவியையே எடுத்துவிட்டார்கள். வைட் நாகப்பட்டினத்துக்குப் படை மருத்துவராகப் போனார்.

ரங்கையா வைட்டுக்கு வரையத் தொடங்கியது ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். தஞ்சாவூர்ப் பக்கத்தில் தெலுங்கு பேசும் ஓவியக் குடும்பங்கள் பல இருந்தன. நாயக்கர் காலத்திலும் மராட்டியர் காலத்திலும் அரண்மனையை ஒட்டி வாழ்ந்தவர்கள். ரங்கையாவும் கோவிந்துவும் அந்த மரபில் வந்தவர்கள் என்றுதான் ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். தஞ்சாவூர்ப் படம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். நடுவில் கிருஷ்ணர், சுற்றிலும் தங்க ரேக்கு, கல் பதித்த ஆரம், கையில் தாமரை. அந்தத் தாமரைக்கு எத்தனை மகரந்தத் தாள் என்று யாரும் எண்ண மாட்டார்கள். எண்ணத் தேவையும் இல்லை.

செடிப்படத்தில் எண்ண வேண்டும். அங்கேதான் கஷ்டம் ஆரம்பிக்கிறது. இலை மாற்றடுக்கா, எதிரடுக்கா? காம்புக்கு அடியில் இலையடிச் செதில் உண்டா? புல்லி இதழ் ஒட்டியிருக்கிறதா, தனித்தனியா? கோயில் சுவரில் வரைகிறவன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கிளையை வளைத்தால் அழகாக இருக்கும். செடிப்படத்தில் அப்படி வளைத்தால் பொய்யாகிவிடும். கை தேர்ந்த ஓவியன் தன் கையின் பழக்கத்தையே அடக்கிக்கொண்டு கண்ணுக்குத் தெரிவதை மட்டும் போட வேண்டும். இது சின்ன விஷயம் இல்லைங்க.

நேரத்தோடும் போட்டி. பறித்த பூ சித்திரை வெயிலில் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாடுவதற்குள் உருவத்தைப் பிடிக்க வேண்டும். நிறம் மாறுவதற்குள் நிறத்தைக் குறிக்க வேண்டும். செடியை அழுத்திக் காயவைத்துவிட்டால் ஹெர்பேரியம் ஷீட்டில் எல்லாம் ஒரே பழுப்புதான்.

நாகப்பட்டினத்திலிருந்து வைட் தன் குறிப்புகளையும் ரங்கையாவின் படங்களையும் கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்த வில்லியம் ஹூக்கருக்கு அனுப்பினார். ஹூக்கர் 1830களின் தொடக்கத்தில் தன் பத்திரிகையில் அவற்றை அச்சிட்டார். நம் பக்கத்து ஓவியர் ஒருவர் நம் பக்கத்துச் செடியைப் பார்த்து வரைந்தது கடல் தாண்டிப் போய் விஞ்ஞானப் பத்திரிகையில் ஏறியது அப்போதே நடந்திருக்கிறது.

வைட் 1831இல் விடுப்பில் சீமைக்குப் போனார். வாக்கர் ஆர்னட் என்ற நண்பரோடு சேர்ந்து தென்னிந்தியத் தாவரங்களை வகைப்படுத்தும் நூலின் முதல் பாகத்தை 1834இல் வெளியிட்டார். அதே வருஷம் திரும்பி வந்தார். பாளையங்கோட்டை, குற்றாலம், இலங்கை என்று சுற்றினார். அப்புறம் ஒரு முடிவு எடுத்தார். எழுத்து மட்டும் போதாது, படம் வேண்டும், அதுவும் இந்த நாட்டில் இருப்பவர்கள் வாங்கக்கூடிய விலையில் வேண்டும் என்று.

சீமையில் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டால் விலை கட்டாது. அதனால் மதராசிலேயே கல்லச்சில் அடித்தார். லித்தோகிராஃபி என்கிறோமே, அதுதான். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு கலந்த மையால் படம் ஏறும். கல்லை ஈரப்படுத்தி மை உருளையை ஓட்டினால், கோடு இருக்கிற இடத்தில் மட்டும் மை ஒட்டும், ஈரமான இடத்தில் ஒட்டாது. காகிதத்தை வைத்து அழுத்தினால் படம். சொல்வதற்குச் சுலபம். மதராஸ் வெயிலில் கல் காயாமல், மை இளகாமல், கோடு தடிக்காமல் எடுப்பது பெரிய பாடு.

இப்படி வந்தவை மூன்று வரிசைகள். ஒன்று, இந்தியத் தாவரவியல் விளக்கப்படங்கள். இன்னொன்று, நீலகிரிச் செடிகளைப் பற்றிய தொகுப்பு. இந்த இரண்டிலும் படங்களுக்குக் கையால் வண்ணம் பூசினார்கள். மூன்றாவது, கேம்பிள் சொல்கிற அந்த 'ஐக்கோன்ஸ்'. 1838இல் தொடங்கி 1853இல் முடிந்தது. ஆறு தொகுதிகள், 2101 படங்கள். வண்ணம் கிடையாது, கறுப்புக் கோடுதான். விலை குறையட்டும் என்றுதான் அப்படி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 வருஷத்தில் 2101 படம் என்றால் வருஷத்துக்கு 140. மூன்று நாளைக்கு ஒரு படத்துக்கும் மேலே. ஆரம்பத் தொகுதிகளில் கல்கத்தாவிலிருந்த ராக்ஸ்பர்க்கின் படங்களைப் பார்த்துப் பிரதி எடுத்தவையும் உண்டு. அதைக் கழித்தாலும் மிச்சமிருப்பது மலைப்பான வேலை. நம் மாணவர்கள் செமஸ்டருக்கு ரெக்கார்டு நோட்டில் இருபது படம் போடுவதற்குள் என்ன பாடு படுத்துகிறார்கள் என்று இங்கே இருக்கும் ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள்! (சிரிப்பு)

இப்போது செயலாளர் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கோயமுத்தூர்! 1842இல் வைட் இங்கே வந்தார். வந்தது செடிப்படம் போடுவதற்காக இல்லை, பருத்திக்காக. அமெரிக்கப் பருத்தியை இங்கே வளர்த்து மான்செஸ்டர் ஆலைகளுக்கு அனுப்ப வேண்டும் என்று கம்பெனிக்கு ஆசை. சோதனைப் பண்ணைகளுக்கு வைட்டைப் பொறுப்பாக வைத்தார்கள். 1853 வரை, பதினொரு வருஷம் இங்கே இருந்தார். கம்பெனி நினைத்தபடி பருத்தி கைகொடுக்கவில்லை. ஆனால் அதே வருஷங்களில்தான், பக்கத்தில் நீலகிரியும் ஆனைமலையும் இருக்க, நாம் பேசுகிற படங்களில் பாதிக்கும் மேல் வெளிவந்தன. பருத்திக்குக் கொடுத்த சம்பளத்தில் தாவரவியல் வளர்ந்தது என்று சொன்னால் தப்பில்லை.

1845 வாக்கில் ரங்கையாவின் பெயர் படங்களில் நின்றுபோகிறது. கோவிந்துவின் பெயர் வருகிறது. ஏறக்குறைய இருபது வருஷம் ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் கையில் வாங்கிக்கொள்கிறார். கோவிந்து இன்னும் ஒரு படி மேலே போனார். முழுச் செடியை வரைவதோடு, பூவைப் பிரித்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, சூல்பையின் குறுக்குவெட்டு, மகரந்தப்பை, விதையின் உள்ளிருக்கும் கரு என்று ஒவ்வொன்றையும் பெரிதாக்கி வரைந்தார். ஆர்க்கிட் பூவைப் பிரித்தவர்களுக்குத் தெரியும், மகரந்தத் திரளை ஊசி முனையில் எடுப்பதற்குள் மூச்சு விடக்கூட பயமாக இருக்கும். அதை எடுத்து, பார்த்து, வரைவது என்பது ஓவியன் வேலை பாதி, தாவரவியல் அறிஞன் வேலை பாதி.

இப்போது பெயர் விஷயம். ஐக்கோன்ஸ் படத்தைப் பார்த்தால் அடியில் ஓரமாகச் சின்ன எழுத்தில் 'ரங்கையா' என்றோ 'கோவிந்து' என்றோ இருக்கும். பக்கத்தில் லத்தீனில் 'வரைந்தார்' என்பதன் சுருக்கம். இன்னொரு ஓரத்தில் கல்லச்சுச் செய்தவரான டம்ஃபியின் பெயர் இருக்கும். இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அந்தக் காலத்துக்கு அது அதிசயம்தான். வைட்டுக்கு முன்னால் ராக்ஸ்பர்க் சோழமண்டலக் கரையின் செடிகளைப் பற்றி 1795 முதல் 1820 வரை மூன்று பெரிய தொகுதிகள் வெளியிட்டார். 300 படங்கள், பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். மூலப்படங்களை வரைந்தவர்கள் நம் நாட்டு ஓவியர்கள். யார் அவர்கள்? அந்தப் படங்களில் பெயர் இல்லை. கம்பெனி காலத்துப் படங்கள் லண்டனிலும் எடின்பரோவிலும் கல்கத்தாவிலும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் 'இந்திய ஓவியர்' என்ற இரண்டு சொல்தான்.

வைட் பெயர் போட்டார். அதோடு நிற்கவில்லை. 1853இல், ஐக்கோன்ஸின் கடைசித் தொகுதியில், ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு 'கோவிந்தூயியா' என்று பெயர் வைத்தார். இந்த நூலின் படங்களை வரைந்த கோவிந்துவின் நினைவாக வைத்திருக்கிறேன், நுட்பமான உறுப்புகளைப் பிரித்துக் காட்டும் திறமையில் அவர் நாட்டாரில் அவருக்கு இணை இல்லை என்ற கருத்துப்பட எழுதினார். பேரினப் பெயர் என்றால் மாணவர்களுக்குத் தெரியும், பெரும்பாலும் பெரிய அறிஞர்களுக்கும் பிரபுக்களுக்கும் கிடைக்கிற மரியாதை. சம்பளத்துக்கு வரைந்த ஒரு ஓவியருக்குக் கிடைத்தது.

ஆனால் அந்தப் பெயர் நிலைக்கவில்லை. தாவரப் பெயரிடலில் முன்னுரிமை விதி என்று ஒன்று உண்டு. யார் முதலில் முறைப்படி பெயர் வைத்தார்களோ அதுதான் செல்லும். அந்த ஆர்க்கிட் வகைக்கு லிண்ட்லி என்பவர் 1833இலேயே 'ட்ரோபிடியா' என்று பெயர் வைத்துவிட்டிருந்தார். ஆகவே கோவிந்தூயியா இன்றைக்கு வெறும் இணைப்பெயர், செல்லாத பெயர். காட்டு நிழலில், நரம்பு நரம்பாய் மடிந்த இலையோடு, முளைத்து வரும் பாக்குக் கன்று மாதிரி நிற்கிற செடி அது. வைட்டின் பெயரில் வாலிக் வைத்த 'வைட்டியா' பேரினம் இன்றும் செல்லுபடியாகிறது. 'வைட்டியானா', 'வைட்டியை' என்று முடிகிற இனப்பெயர்கள் நம் காடுகளில் எத்தனையோ. இதில் யாருடைய சதியும் இல்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். இருந்தாலும் மனசுக்கு என்னவோ போல இருக்கிறது, இல்லீங்களா?

வைட்டைப் பற்றி ரொம்ப உயர்த்திப் பேசிவிட்டேனோ என்றும் தோன்றுகிறது. தலைப்புப் பக்கத்தில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. வைட் பிறந்தது, படித்தது, 1872இல் இறந்தது, எல்லாம் பதிவாகியிருக்கிறது. ரங்கையா எந்த ஊரில் பிறந்தார், கோவிந்துவுக்குப் பிள்ளைகள் உண்டா, என்ன கூலி வாங்கினார்கள், ஒரு வரி கிடையாது. எழுதி வைப்பவர்கள் ஒரு பக்கம், வேலை செய்பவர்கள் இன்னொரு பக்கம் என்று இருந்த காலம். ஆனால் படத்துக்கு அடியில் விரற்கடை அகலத்தில் எழுதிய அந்தப் பெயர் மட்டும் இல்லாதிருந்தால், இன்றைக்கு இந்த மேடையில் நான் பேச ஒன்றுமே இருந்திருக்காது. அதைத்தான் நான் சொல்ல வந்தேன். 2007இல் எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த ஹென்றி நோல்டி மூன்று புத்தகங்கள் வெளியிட்டார். அங்கே பத்திரமாக இருக்கும் மூலப்படங்களை வைத்து எழுதியவை. வரிசையின் தலைப்பிலேயே வைட்டோடு ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு பெயர்களும் இருக்கின்றன. ஓரத்தில் இருந்த பெயர் அட்டைக்கு வர நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

மாணவர்களில் சிலர் நினைக்கலாம்: 'இப்பதான் செல்போன்ல ஃபோட்டோ எடுத்துக்கலாமே சார், எதுக்கு வரையணும்?' நியாயமான கேள்வி. ஃபோட்டோ அந்த ஒரு செடியை, அந்த ஒரு நிமிஷத்தில் காட்டும். பூச்சி கடித்த இலை இருந்தால் அதுவும் இருக்கும். வரைபடம் அந்த இனத்தைக் காட்டும். மாசியில் பூத்து வைகாசியில் காய்க்கிற செடியின் மொட்டு, பூ, காய், விதை நான்கையும் ஒரே தாளில் வைக்கலாம். எது முக்கியமோ அதைப் பெரிதாக்கலாம். அதோடு, ஒரு செடிக்கு முதலில் பெயர் வைத்தவர் பார்த்த காய்ந்த மாதிரி கிடைக்காதபோது, அவர் நூலில் வந்த படத்தையே வகைமாதிரியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று பெயரிடல் விதிகளில் இடம் இருக்கிறது. அப்போது ஓவியர் போட்ட கோடுதான் அந்தப் பெயருக்கு ஆதாரம்.

அதனால்தான் நம் காலத்திலும் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தில் அருட்தந்தை கே.எம். மேத்யூ தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதித் தாவரங்களைப் பற்றி எழுதியபோது, படங்களுக்கென்றே 1982இல் ஒரு தனித் தொகுதியும் 1988இல் இன்னொன்றும் கொண்டுவந்தார். ஒரு கல்லூரி நினைத்தால் செய்யலாம் என்பதற்கு அது சாட்சி.

இனி நம் கல்லூரிக்கு வருகிறேன். நம் துறை மியூசியத்தில் துணி ஒட்டி, மேலும் கீழும் கட்டை வைத்த பழைய சார்ட்டுகள் தொங்குகின்றனவே, பார்த்திருப்பீர்கள். எருக்கம் பூவின் நீள்வெட்டு, ஆவாரை, கள்ளி, புல்லின் சிறுகதிர். கடையில் வாங்கியவை இல்லை, கையால் வரைந்தவை. அதை வைத்துத்தான் நானும் பாடம் எடுத்தேன். போன மாதம் ஒவ்வொன்றாக இறக்கித் தூசி தட்டிப் பார்த்தோம். இருபத்திரண்டு சார்ட். ஒன்றில்கூடப் பெயர் இல்லை. அறுபதுகளில் இங்கே படித்தவர்கள் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதை வரைந்தது லேப் அசிஸ்டென்டா, ஊரிலிருந்த போர்டு எழுதும் ஓவியரா, நம்மோடு படித்த மாணவரா? உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாப்பிட்டு முடித்ததும் மியூசியத்துக்கு ஒரு நடை வாங்க. மேஜையில் நோட்டு வைத்திருக்கிறோம். ஞாபகம் இருக்கிறதை எழுதிவிட்டுப் போங்கள். இன்னும் பத்து வருஷம் கழித்துக் கேட்டால் சொல்வதற்கு ஆள் இருக்காது. நானும் உள்பட!

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐக்கோன்ஸ் முழுதும் இன்றைக்கு பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. உங்கள் ஊர் வேலியில் இருக்கிற ஒரு செடியை எடுத்துக்கொண்டு, கேம்பிளில் எண்ணைப் பார்த்து, அந்தப் படத்தைத் திறந்து, செடியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் நீங்களே வரையுங்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை. அடியில் தேதி, இடம், உங்கள் பெயர் எழுதுங்கள். அந்தச் செடிக்கு ஊரில் என்ன பெயர் என்று ஆடு மேய்க்கிற அம்மா ஒருவர் சொல்லியிருந்தால், அவர் சம்மதத்தோடு அவர் பெயரையும் எழுதுங்கள். ஹெர்பேரியம் ஷீட்டில் அதற்கும் இடம் இருக்கிறது.

சங்கத்துக்கும் ஒன்று. ஆண்டுதோறும் மாணவர் வரையும் சிறந்த செடிப்படத்துக்கு ஒரு சிறு பரிசு வைக்கலாம் என்பது என் யோசனை. முதல் ஐந்து வருஷச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். பரிசுக்கு என் பெயர் வேண்டாம். ரங்கையா–கோவிந்து பரிசு என்று வையுங்கள். செடியின் பெயரில் நிற்காதது நம் கல்லூரி அறிவிப்புப் பலகையிலாவது நிற்கட்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு மியூசியத்தில் பார்ப்போம்.